இருந்தது ஒரே ஓர் இடம்

எங்கள் நாகலாபுரம் ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று முடிவாகாத வருஷம் அது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளன்று திருப்பதிக்குப் போனேன். இருந்தது ஒரே ஓர் இடம்.

பல்கலைக்கழக ஆபீஸ் குமாஸ்தா ஒல்லியானவர், காதில் பென்சில். யார் தாளை நீட்டினாலும் எழுந்து நின்றுதான் வாங்குவார்.

"இன்னாம்மா, எந்த ராஜ்யம்னு எழுதலியே? காலியா வுட்டா தள்ளிடுவாங்க."

"அதான் இன்னும் பேசிக்கினே இருக்காங்களே சார், எதை எழுதறது?"

சிரித்துவிட்டார். "சித்தூர் ஜில்லான்னு எழுதும்மா. அதை யாரும் தப்புன்னு சொல்ல முடியாது." எழுதியதும் முத்திரை குத்தி உள்ளே வைத்தார்.

நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அந்தக் குமாஸ்தாவின் மகள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. இடம் எனக்குக் கிடைத்தது.

சேரப் போன அன்று அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. அவரோ சாவியை நீட்டி, "மூணாம் ரூம்மா. கதவு மக்கர் பண்ணும், கொஞ்சம் தூக்கித் தள்ளு" என்றார்.

"உங்க பொண்ணு..." என்று இழுத்தேன்.

"அவ அடுத்த வருஷம் எழுதுவாம்மா."

கடைசி நாளன்று, ராஜ்யம் எழுதாத என் தாளை அவர் திருப்பிக் கொடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த எண்ணம் அவருக்கு வந்து போனதா, வரவே இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.