கோவா ரொட்டிக்கு இரண்டாம் தரம் வந்தவர்கள்

வீட்டில் சுட்டு வாசலில் விற்கிற தொழிலில் முதல் தரம் வருபவர் புதினம் பார்க்க வருகிறார். இரண்டாம் தரம் திரும்பி வருபவர்தான் சாப்பிட வருகிறார். இதே தொழிலில் கிடந்து வேகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் தச்சு வேலை செய்தவன். அறுகம்பேக் கடற்கரையில் ஒரு விடுதிக்குக் கதவு போட்ட நாட்களில், அங்கே தங்கியிருந்த ஜப்பான்காரர் ஒருவர் கோவாவை, அதாவது முட்டைக்கோஸை, மெல்லிசாக அரிந்து, மாவும் முட்டையும் கலந்து, தடித்த ரொட்டியாகச் சுடுவதை ஒன்பது தரம் பார்த்தேன். முழங்கால் பழுதாகி வீட்டோடு இருந்தபோது அதையே சுட்டு விற்கத் தொடங்கினேன். மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள். ஒரு காஸ் சிலிண்டர் முடிவதற்குள் பத்துப் பேர் இரண்டாம் தரம் வர வேண்டும். இல்லையென்றால் மருமகனின் ஹாட்வெயார் கடையில் போய் இருக்க வேண்டும். நாள் முழுக்க ஆட்களோடு கதைக்கிற வேலை. எனக்கு அதுதான் பயம். "பத்துக்கு ஒண்டு குறைஞ்சாலும் கடைதான், சொல்லிப்போட்டன்" என்றாள்.

கிழங்கின் நிறம்

ஜப்பான்காரர் மாவில் ஒரு கிழங்கைத் துருவிச் சேர்ப்பார். ரொட்டி பஞ்சு போல வரும். எங்கள் சந்தையில் அது இல்லை. வழுவழுப்பு ஒன்றுதானே என்று இராசவள்ளிக் கிழங்கைத் துருவிப் போட்டேன். ரொட்டி மெத்தென்றுதான் வந்தது, ஆனால் ஊதா நிறத்தில். அன்று சுட்டது பதினொன்று, விற்றது ஒன்று. அதை வாங்கிய பக்கத்து வீட்டு ஆசிரியை தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அண்ணனைக் கூப்பிடுகிற எங்கள் ஊர் முறையில் கேட்டார்: "காக்கா, இது பெயின்ட்ல ரெண்டாம் பூச்சா, மூணாம் பூச்சா?"

மரைக்காரின் சோதனை

பள்ளிவாசல் நிர்வாகத்திலுள்ள மரைக்கார் ஒருவர் மூக்குக்கண்ணாடியோடு வந்து, அடுக்கிலிருந்த போத்தல்களைத் திருப்பித் திருப்பி வாசித்தார். சோஸை நானே தக்காளியும் புளியும் சீனியும் போட்டுக் காய்ச்சுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லுக்குப் பதில் சட்டியைக் காட்டினேன். மேலே வைக்கிற மாட்டிறைச்சியை யார் அறுத்தது என்று கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொன்னேன். பிறகு ஒரு ரொட்டியை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு எழும்பினார். "ஹலால்ல ஒரு குறையுமில்ல காக்கா. உப்புலதான் குறை."

மாசியைச் சீவுதல்

சுட்ட ரொட்டியின் மேல் காய்ந்த மீனைத் தாள் போலச் சீவித் தூவ வேண்டும். நமது மாசிக் கருவாடு அதற்குப் பொருத்தம். ஆனால் மரம் போல இறுக்கம், கத்தி வழுக்கும். மரம் இழைக்கிற புதுச் சீவுளி ஒன்று வாங்கி, அதைக் கவிழ்த்துப் பிடித்து, மாசியை அதன் மேல் இழுத்தேன். முன்பு என்னோடு வேலை செய்த தச்சர் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு ரொட்டி வாங்கினார். சூட்டில் மாசிச் சீவல் நெளிந்து நெளிந்து ஆடியது. அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "மச்சான், முதல்ல இதச் சாகச் சொல்லு. பொறகு நான் திங்கிறன்."

ஆறு பேருக்கு ஒன்று

ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிற ஆறு பேர் ஒரு நாள் வந்து ஆளுக்கொன்று தின்றார்கள். அடுத்த கிழமை திரும்பவும் வந்து, கலியாண வீட்டுச் சஹன் தட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து தின்பது போல, ஒரே தட்டில் ஒரு பெரிய ரொட்டி கேட்டார்கள். அதுவரை இரண்டாம் தரம் வந்தவர்கள் நான்கு பேர். நாலும் ஆறும் பத்து. சிலிண்டரை அசைத்துப் பார்த்தேன். உள்ளே சத்தமே இல்லை.

ஒரு பக்கம் வெந்தது. இரண்டு பலகைத் துண்டுகளால் புரட்டினேன்; உடையவில்லை. மறுபக்கம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நெருப்பு சிறுத்து அணைந்தது. திரைக்குப் பின்னாலிருந்து மனைவி, "வந்தது கணக்கில்ல, திண்டுட்டுப் போனாத்தான் கணக்கு" என்றாள். நான் மூடியைப் போட்டேன். ஆறு பேரில் ஒரு தாடிக்காரர் எழும்பி மோட்டார் சைக்கிளில் போனார். பத்து நிமிடத்தில் தன் வீட்டுச் சிலிண்டரைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "கெதியாச் சுடுங்க காக்கா. எங்கட ஊட்டுக்காரி குளிச்சிட்டு வாறதுக்குள்ள இதக் கொண்டு போய் மாட்டணும்."

ஆறு பேரும் தட்டை வழித்துவிட்டுப் போன பிறகு மனைவி திரையை விலக்கினாள். "இரவல் காஸும் காஸ்தான். நீங்க கடைக்கு வரல்லண்டு மருமகனுக்கு நான் சொல்லிக்கிறன்."

கதைக்கப் பயந்து கடையைத் தவிர்த்த நான் இப்போது மாலையில் அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் முப்பது பேரோடு கதைக்கிறேன். அந்தக் கடையில் இருந்திருந்தால், ஆணி கேட்டு வருகிறவர்கள் அளவை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.