முதல் சுற்றிலேயே பிடித்த வண்டி

காலையில் மகனுடைய கார் உடனே கிளம்பவில்லை. "ராத்திரி நின்னா பெட்ரோல் பிரஷர் எறங்கிடுதும்மா" என்றான். பெட்ரோல் வாடை வாசல்வரை வந்தது.

நான் சிறுமியாக இருந்த உலகப்போர்ச் சண்டைக்காலத்தில் அப்பா ஏரியூர் பஸ்ஸின் டிரைவர். இரவு வண்டி எங்கள் வாசலில்தான் நிற்கும். குழாயில் எங்கோ காற்றுப் புகுந்து, விடிவதற்குள் பெட்ரோல் டாங்கிக்கே இறங்கிவிடும். வாயால் உறிஞ்சி ஏற்றி, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றிக் களைத்து, சத்தத்தில் விழித்துத் திண்ணைக்கு வந்த என்னருகே அப்பா வந்து உட்காருவார். "வண்டிக்கு இன்னைக்கு என்னமோ கோவங் கண்ணு" என்பார். அம்மா இல்லாத வீட்டில் எனக்கு அவர் கிடைத்தது அப்போது மட்டும்தான்.

ஒருநாள் புதுக் குழாய் மாட்டினார். "இனிமே ஒரே சுத்துல புடிச்சுக்கும் பாரு" என்றார் பெருமையாக. மறுநாள் நான் எழுந்தபோது வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது.

சாயங்காலம் மகன் காரைச் சரிசெய்துகொண்டு வந்தான்.

"இனிமே உன்ன எழுப்பாமயே கெளம்பிடுவேம்மா" என்றான், அதே பெருமையோடு.