உச்சி வெயிலுக்கு ஒரு உறை

எங்கள் தெருத் தையல்காரம்மாவின் வீட்டுக்காரருக்கு எதையும் மூடி வைத்தால்தான் தூக்கம் வரும். டி.வி.க்கு உறை, ரிமோட்டுக்கு உறை. சோபா வாங்கி ஆறு வருடமாகியும் பிளாஸ்டிக்கைப் பிரிக்க விடவில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும்.

அந்த அம்மா துணிச்சல்காரி. தினமும் கரண்ட் கண்ணாமூச்சி ஆடியதில் சலித்துப்போய், தெருவிலேயே முதல் ஆளாக மொட்டைமாடியில் சோலார் பேனல் போட்டார். தையல் மெஷின் மோட்டார் அதில்தான் ஓடியது. அவர் கையைச் சுட்டுக்கொள்கிறாரா என்று பார்த்துவிட்டு நாமும் போடலாம் என்று நாங்கள் காத்திருந்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது வாரமே சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷின் படுத்துவிட்டது. மறுநாளும் அதே கதை. பேட்டரியில் பாதிகூட ஏறவில்லை. பள்ளி திறக்க ஒன்பது நாள், எழுபது யூனிஃபார்ம் பாக்கி. சொன்ன தேதிக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த வருட ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும். சோலார் மெக்கானிக் இரண்டு பஸ் மாறி வர வேண்டியவர். இரண்டு முறை காலையில் வந்து, "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் "அப்பவே சொன்னேன்ல" என்று தலையாட்டிக்கொண்டோம்.

மூன்றாம் முறை பஸ்ஸைத் தவறவிட்டு மதியம் ஒரு மணிக்கு வந்தார். அந்த அம்மாவும், வேடிக்கை பார்க்க நானும் கூடவே மாடி ஏறினோம். பேனலின் மேல் பூப்போட்ட பழைய திரைச்சீலை, நான்கு மூலையிலும் கயிறு கட்டி இழுத்து மூடியிருந்தது.

"யாரு இதப் போட்டது?" என்று கேட்டார் மெக்கானிக்.

சாப்பிட வந்திருந்த வீட்டுக்காரர் பெருமையாக முன்னால் வந்தார். "நான்தான். உச்சி வெயில் நேரா அடிக்குது, கண்ணாடி வெடிச்சிடாதா? சாப்பிட வர்றப்ப மூடுவேன், ஆபீஸ் விட்டு வந்ததும் எடுத்துடுவேன்."

"சார், அதுக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம்" என்றார் மெக்கானிக்.

சண்டை வெடிக்கும் என்று பார்த்தால், அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

யூனிஃபார்ம் ஒருநாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. பட்டன் தைத்தது முழுக்க வீட்டுக்காரர். அந்தத் திரைச்சீலையை வெட்டி அவருக்கு ஒரு பூப்போட்ட தொப்பி தைத்துக் கொடுத்தார் அம்மா. "மூடணும்னு கை அரிச்சா உங்க தலைய மூடுங்க. மேல போய்த் தூசியத் துடைச்சிட்டு வாங்க."

போன வாரம் நானும் பேனல் போட்டேன். மதிய வெயிலில் அந்தப் புத்தம்புதுக் கண்ணாடி கொதிப்பதைப் பார்த்ததும் என் கை தானாகக் கொடியில் கிடந்த போர்வைக்குப் போனது.