தராசோடு கம்ப்யூட்டர் வாங்கப் போன முபீனா

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மெர்சிங் படகுத்துறைக்கு எதிரே முபீனாவுக்கு ஒரு சின்னக் கடை. நகல் எடுப்பாள், பாஸ்போர்ட் படம் பிடிப்பாள், தீவுகளுக்குப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியலைப் படகுக்காரர்களுக்கு அடித்துத் தருவாள். பக்கத்தில் அவள் கணவர் ஷாநவாஸின் சாப்பாட்டுக்கடை. நவம்பரில் மழைக்காற்று பிடித்துப் படகுகள் நின்றுவிட்டால், தன் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போய் நிற்பாள்.

மார்ச்சில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினால் அது எழாது. இப்படி இரண்டு போயிருந்தன. அந்த மார்ச்சில் மூன்றாவதும் போனது.

"உப்புக் காத்து லா. இங்க எல்லாத்தையும் தின்னுரும்" என்றார் ஷாநவாஸ்.

"அப்ப ஒங்க கல்லாவுல இருக்குற கம்ப்யூட்டர மட்டும் ஏன் திங்கல மச்சான்? அது ஆறு வருஷமா ஓடுதே?"

கேட்டதோடு விட்டுவிட முபீனாவுக்கு மனம் வரவில்லை. முதல் இரண்டையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டவள், இதை மேசையில் படுக்கவைத்துத் திருகாணிகளைக் கழற்றினாள். மெமரி அட்டையின் பற்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளை பெட்டியின் துளைகள் வழியே டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே விரல் நுனி அளவுள்ள சிறு உருளைகள் தலை உப்பி நின்றன. அவற்றுக்குக் கெப்பாசிட்டர் என்று பெயர் என்பதை அன்று சாயங்காலம் இணையத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருந்த காணொளியில்தான் தெரிந்துகொண்டாள். அதே ஆள் இன்னொன்றும் சொன்னார். நல்ல பவர் சப்ளை கனமாக இருக்குமாம். உள்ளே செம்புக் கம்பி அதிகம், சூட்டை வாங்கும் அலுமினியமும் தடிமனாம்.

மறுநாள் புதுச் சாமான்கள் வாங்கக் குளுவாங் நகரத்துக்குக் கிளம்பும்போது, சாப்பாட்டுக்கடையில் கொக்கியோடு தொங்கும் தராசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அலமாக், அது மீன் நிறுக்குறது!" என்று கத்தினார் ஷாநவாஸ்.

"கழுவிட்டேன் மச்சான்."

குளுவாங்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ரூபேந்திரனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். தராசைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். ஆனாலும் ஆறு பவர் சப்ளைகளை எடுத்து வரிசையாக வைத்து, இருப்பதில் இதுதான் நல்லது என்று ஒன்றைக் காட்டினான். ஒவ்வொன்றையும் நெகிழிப்பையில் போட்டுக் கொக்கியில் மாட்டினாள் முபீனா. ஒன்றரைக் கிலோ, ஒன்று எழுநூறு என்று வந்துகொண்டிருந்த முள், யாரும் கேள்விப்படாத பெயருடைய ஒரு பெட்டிக்கு இரண்டு கிலோவைத் தாண்டியது.

"தம்பி, நீங்க நல்லதுன்னு சொன்னதவிட இது கனமால்ல இருக்கு?"

"அத எடுக்காதீங்கக்கா. ஒரு வருஷ வாரண்டிதான். சும்மா ஆபீஸ் வேலைக்கு வாங்கிட்டுப் போவாங்க."

"சரி, ஏன் கனமா இருக்கு?"

ரூபேந்திரன் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான். மறு கையில் நல்லதைத் தூக்கினான். அவன் சிரிப்பு நின்றது. "தெரியலக்கா. நான் நிறுத்துப் பாத்ததே இல்ல."

"தெறந்து பாப்போமா?"

"தெறந்தா வாரண்டி போயிரும்" என்றான். ஆனாலும் அவனே திருப்புளியை எடுத்தான்.

மூடியைக் கழற்றியதும் இருவரும் தலையை முட்டிக்கொள்ளாத குறையாகக் குனிந்தார்கள். உள்ளே பாதி இடம் காலி. சுண்டுவிரல் அளவில் ஒரு கம்பிச் சுருள், நாலைந்து கெப்பாசிட்டர்கள். ஓரத்தில், எந்தக் கம்பியோடும் சேராமல், பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு.

முபீனா அதை விரலால் தட்டினாள். "இது என்ன வேலை செய்யுது தம்பி?"

"கனமா இருக்குற வேலை" என்றான் ரூபேந்திரன். அவன் முகம் கறுத்துவிட்டது. "ஏழு பேருக்கு வித்துருக்கேன்க்கா இத."

அவள் எதிரிலேயே பழைய ரசீதுகளைப் புரட்டித் தொலைபேசியை எடுத்தான். முதல் ஆள் லாயாங் லாயாங் என்ற ஊரில் இருந்தார். "அங்கிள், அந்தக் கம்ப்யூட்டர நிப்பாட்டி வைங்க. நானே வந்து மாத்தித் தர்றேன்" என்று அவன் சொல்வதைக் கேட்டபோது, இவனிடமே எல்லாவற்றையும் வாங்கலாம் என்று முபீனா முடிவு செய்தாள்.

அதற்குப் பிறகு தராசைத் தொடவில்லை. கேள்விகள்தான். வாரண்டி எத்தனை வருஷம்? கெட்டுப்போனால் மாற்றித் தருகிற இடம் ஜொகூரிலேயே இருக்கிறதா? வாங்கிப் போனவர்கள் திரும்பக் கொண்டுவந்தது எது, வராதது எது? அந்தக் கடைசிக் கேள்வியை இதுவரை ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றான் ரூபேந்திரன். பத்து வருஷ வாரண்டியுள்ள பவர் சப்ளை ஒன்று, ஆடம்பரம் இல்லாத மதர்போர்டு ஒன்று, காற்று நுழையும் பக்கம் சல்லடை போட்ட பெட்டி ஒன்று என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மெமரியைப் பொருத்தும்போது அவள் கேட்டாள், "ஓடும்போது இது எவ்வளவு சூடாகும்?"

"கை வெச்சா வெதுவெதுன்னு இருக்கும்."

முபீனா அப்படியே நின்றுவிட்டாள். வெதுவெதுப்பான இடத்தில் ஈரம் தங்காது. ஷாநவாஸின் கம்ப்யூட்டர் தினமும் ஓடுகிறது. தன்னுடையது நாலு மாதம் ஈரத்தில் குளிர்ந்து கிடக்கிறது.

"தம்பி, என்னோடது ஓடி ஓடிச் சாகல. சும்மா கெடந்து செத்துருக்கு!"

அந்த வருஷம் மழைக்காற்று பிடித்த நாளிலிருந்து தினமும் காலையில் குடை பிடித்துக்கொண்டு போய்க் கடையைத் திறந்து, ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். ஷாநவாஸ் கேலி செய்துகொண்டேதான் இருந்தார். மார்ச்சில் பொத்தானை அமுக்கினாள். எழுந்தது.

இந்தச் சேதி படகேறித் தீவுக்கும் போயிற்று. அங்கே தங்கும் விடுதி நடத்தும் ஜீவன் தொலைபேசியில் கூப்பிட்டு, தனக்கும் நல்ல சாமான்களாகச் சொல்லும்படி கேட்டான். பழையது எதனால் போயிற்று என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள் முபீனா. ஏப்ரலில் ஒரு நாள் அலை அடங்கியிருந்தபோது, திருப்புளியை எடுத்துக்கொண்டு தானே போனாள். உப்பு பூத்திருக்கும், பச்சைக் களிம்பு இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் பக்கப் பலகையைக் கழற்றினாள். களிம்பையே காணோம். மதர்போர்டு முழுக்க, அரிசி கொட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக எறும்பு முட்டை.

"ஜீவன், சீக்கிரம் வாங்களேன்!" என்று குரல் கொடுத்தாள். "ஒங்களோடது வேற மாதிரி செத்துருக்கு. இதுங்க ஏன் இங்க வந்து குடியிருக்குதுங்க?"