புகைபிடிக்காதவர்களுக்கு மட்டும்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கும் மூன்று மணிக்கும் நடுவில். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நடந்தது என் கணவரின் அண்ணன் மனைவிக்கு. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். கதை கட்டுகிற ரகம் இல்லை அவள். எனக்குத் தெரிந்து அவள் மறைத்து வைத்தது ஒரே ஒரு விஷயம்தான். அதையும் சொல்கிறேன்.

நாள் கணக்கில் தங்க வருகிறவர்களுக்கான வீடுகளைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. ஒரே கட்டடத்தில் மூன்று வீடுகள், மூன்றும் ஒரே அம்மாவுக்குச் சொந்தம். காலை பதினொன்றுக்குப் பழையவர்கள் கிளம்ப வேண்டும், மூன்று மணிக்குப் புதியவர்கள் வருவார்கள். இடையில் இருக்கிற நாலு மணி நேரமும் அக்காவின் ராஜ்ஜியம்.

வீட்டுக்காரம்மா எதையும் பொறுத்துக்கொள்வார். மெத்தையில் கறையா, சரி. கண்ணாடி உடைந்ததா, போகட்டும். புகை என்று வந்துவிட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவார். சிகரெட்டும் கூடாது, வேப் என்கிற மின்சிகரெட்டும் கூடாது. புதியவர்கள் வருவதற்குள் அக்கா ஒவ்வொரு வீட்டையும் மோந்து பார்த்து, "வாடை இல்லம்மா" என்று போனில் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு அக்காவை எடுத்ததே அதற்காகத்தான். அதற்கு முன் பத்து வருடம் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்தவள். கதவைத் திறந்த உடனே என்ன பிடித்தார்கள், நேற்றா இன்றா என்று சொல்லிவிடுவாள் என்று அங்கே அவளுக்குப் பெயர்.

அந்த மூக்கு போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால்கூடத் தெரியாது. இதை அவள் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். அண்ணனுக்கு அப்போது வேலை இல்லை, வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அதனால் கண்ணை வைத்துச் சமாளித்தாள். ஈரமான வெள்ளைத் துணியால் கதவுச் சட்டத்தின் மேல்புறம் துடைத்துப் பார்ப்பாள், மஞ்சள் ஏறினால் சிகரெட். ஜன்னல் கண்ணாடியில் விரலை இழுத்தால் பிசுபிசுக்கும், அது வேப். புகையைக் கண்டுபிடிக்கிற கருவிக்குக் காலுறை மாட்டிவிட்டுப் பிடித்த மகானுபாவர்களும் உண்டு. யாரையும் அவள் திட்ட மாட்டாள். "கீழ நிழல்ல ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன் சார், அங்க நிம்மதியாப் பிடிக்கலாம்" என்பாள். பாதிப் பேர் வெட்கப்பட்டே கீழே போய்விடுவார்கள். கடைசியாக வாட்ச்மேனை ஏதாவது சாக்குச் சொல்லி மேலே அழைத்து அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் முகம் சுளிக்காவிட்டால் வீடு சுத்தம்.

நாலாவது மாடி வீடு மட்டும் வாடகைக்குப் புதிது. அதில் வீட்டுக்காரம்மாவே, கணவர் இறந்த பிறகு, எட்டு வருடம் தனியாக இருந்தார். முழங்கால் வலி என்று தங்கை வீட்டுக்குப் போன பிறகுதான் அதையும் விட்டார். முதல் முதலாகத் தங்கிய ஆளுக்கு அவரே சாவி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஆள் அன்று காலைதான் கிளம்பியிருந்தார், அக்கா அதற்குள் போவது அன்றுதான் முதல் தடவை. மூன்று மணிக்கு ஒரு தம்பதி வருகிறார்கள். கூடவே நாற்பது நாள் குழந்தை. தொட்டில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

பதினொன்றே கால். அக்கா கதவைத் திறந்தாள்.

புகை.

கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாளாம். இரண்டு வருடம் கழித்து முதல் வாசனை. மூக்கு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தாள். சமையலறைக்கு ஓடிக் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மோந்தாள். ஒன்றுமில்லை. சோப்பு, பினாயில், எலுமிச்சம்பழம்... எதுவுமே இல்லை. மறுபடி ஹாலுக்கு வந்தாள். புகை மட்டும் அங்கேயே இருந்தது.

துணியால் துடைத்துப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. கருவி ஒழுங்காக வேலை செய்தது. பதினொன்றரைக்கு, காலையில் காலி செய்த ஆளுக்குப் போன் போட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். உள்ள புகை பிடிச்சீங்களா?"

"எனக்கா? எனக்கு வீசிங்ங்க. பக்கத்துல யாராவது ஊதினாலே மூச்சு முட்டிரும்."

பொய் சொல்கிற குரல் இல்லை அது. அக்கா எல்லா ஜன்னல்களையும் திறந்து மின்விசிறியை முழு வேகத்தில் விட்டாள். வாடை குறையவில்லை. ஆனால் இடம் மாறியது.

பதினொன்று நாற்பதுக்கு ஜன்னல் பக்கம். பன்னிரண்டு ஐந்துக்கு நடைவழியில். அதில்தான் அவளுக்கு முதலில் பயம் வந்தது. காற்றில் கலந்து பரவுகிற புகை இல்லை அது. இரண்டு அடி இந்தப் பக்கம் வந்தால் சுத்தமாக இல்லை. இரண்டு அடி அந்தப் பக்கம் போனால் முகத்தில் அடிக்கிறது. வேறு எந்த வாசனையும் தெரியாதவளுக்கு அது இருக்கும் இடம் மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. கையை நீட்டி நீட்டி அளந்து பார்த்தாளாம். ஓர் ஆள் அகலம்.

பன்னிரண்டரை. படுக்கையறையில் கட்டிலை ஒட்டி மடக்குத் தொட்டிலை விரித்தாள். வெள்ளைத் துணி போட்டாள். குனிந்து துணியின் சுருக்கத்தை நீவினாள்...

வாடை நேர் மேலே வந்தது.

அவள் தலைக்கு மேலே. அவளோடு சேர்ந்து யாரோ குனிந்து தொட்டிலுக்குள் பார்ப்பதுபோல.

அக்கா தொட்டிலை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். சக்கரம் கீச்சிட்டது. சுவர் ஓரமாக நிறுத்தினாள். மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

வாடை இல்லை.

ஒரு நிமிடம் நின்றாள். இரண்டு நிமிடம்...

படுக்கையறை வாசலில் வந்தது.

பிறகு நடைவழியில்.

பிறகு தொட்டில் பக்கத்தில்.

அங்கேயே நின்றது.

பிறகு அவள் காதோரம், நிதானமாக, நீளமாக...

ஃப்ஹூ...

ஊதும் சத்தம்.

அவள் எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒன்று பத்துக்கு வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு மேலே போனாள். வாடை இன்னும் தொட்டில் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அதற்குள்ளேயே நடந்து அந்தப் பக்கம் போய் நின்றார்.

"ஏதாவது வாடை வருதாண்ணே?"

"பினாயில் வாடைதாம்மா தூக்குது. ஏன், உனக்கு வரலையா?"

மூன்று மணிக்குக் குழந்தை வருகிறது. வாடை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேலை பத்திரம். இருக்கிறது என்றால், வாட்ச்மேனுக்குத் தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்ற கேள்வி வரும். முக்கால் மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, எனக்கு ரெண்டு வருஷமா வாசனையே தெரியாது. உங்ககிட்ட மறச்சுட்டேன். ஆனா நாலாவது மாடில புகை வாடை வருது. அது மட்டும் தெரியுது. வாட்ச்மேனுக்கு வரல."

திட்டு வரும் என்று அக்கா காத்திருந்தாள். வந்தது ஒரு கேள்வி, ரொம்ப மெதுவாக.

"எங்க நிக்கிறாரு?"

அக்கா தலையைத் தூக்கி நாலாவது மாடிப் பக்கம் பார்த்தாள்.

"தொட்டில்கிட்டம்மா..."

"அவருக்குக் குழந்தைன்னா உயிரு. எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கல." அந்த அம்மாவின் குரல் உடைந்தது. "ஒண்ணும் பண்ண மாட்டாரு. சும்மா பார்ப்பாரு. வர்றவங்கள உள்ள விடு."

நானாக இருந்தால் அந்த நிமிடமே சாவியை எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அக்கா நின்றாள். இரண்டே முக்காலுக்குத் தம்பதி வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "மேல தண்ணிக் குழாய் உடைஞ்சிருச்சும்மா" என்று கூசாமல் பொய் சொல்லி, காலியாக இருந்த இரண்டாவது மாடி வீட்டில் அவர்களைத் தங்க வைத்தாள். தொட்டில்? அதைத் தொட அவளுக்குத் தைரியம் இல்லை. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப்போட்டுத் தலையணைகளால் அணை கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்காரம்மாவுக்குச் சேதி போனது. வியாழக்கிழமை வருகிறேன், சாவிக்கொத்தை எடுத்து வை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போச்சு என்று இருவரும் அழுதோம்.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு வீட்டுக்காரம்மா தடி ஊன்றிக்கொண்டு வந்தார். கோபத்தைக் காணோம். அக்காவின் கையைப் பிடித்து நாலாவது மாடிக்கு அழைத்துப் போனார். படுக்கையறையில் கால் வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. புகை.

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து பேசினார். அவருக்குப் பிறவியிலேயே வாசனை தெரியாதாம். பூவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. கணவர் விடாமல் சிகரெட் பிடிப்பவர். அவர் இறந்து மூன்றாவது வாரம், இந்த அறையில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மூக்கில் ஏதோ ஏறியது. அது என்ன என்று சொல்லக்கூட அவரிடம் வார்த்தை இல்லை. வேறு யாராக இருக்க முடியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம்.

"யாரும் இங்க புகை பிடிக்கக் கூடாதுன்னு நான் சொன்னது வீட்டுக்காக இல்லம்மா. வாடை வந்தா அது அவருதான்னு தெரியணும். வர்ற போறவங்க புகையோட கலந்துரக் கூடாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ எல்லா வாசனையும் தெரிஞ்சு வாழ்ந்தவ. சொல்லு. சிகரெட் வாடை இப்படித்தான் இருக்குமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அக்கா ஒரு பொய்யைச் சுமந்து அலுத்துப்போயிருந்தாள். அவள் நிதானமாக மூச்சை இழுத்தாள். கனமான வாடை. தொண்டையில் தங்குகிற காரம், அடியில் லேசான தித்திப்பு. பத்து வருட லாட்ஜ் மூக்கு அதில் தவறு செய்யாது.

"இது சிகரெட் இல்லம்மா. சுருட்டு."

அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

"அவரு சுருட்டத் தொட்டதே இல்ல," என்றார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மெல்லத் திரும்பிக் கட்டிலின் மறுபக்கத்தைப் பார்த்தார்.

"எட்டு வருஷமா... அவருக்குன்னு பாதி இடம் விட்டுத்தான் படுத்தேன்."

வாடை அந்தப் பாதியில்தான் இருந்தது.