அடுப்புக்குப் பின்னால் இருந்தவர்

சனிக்கிழமை காலை ஒன்பது இருபது. ரொம்சோசில் நாங்கள் வாங்கிய வீட்டின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது முழங்கால் உயர ஒற்றைக் கம்பளிச் சப்பாத்து. இடது கால். உள்ளே ஒரு துண்டுப் பாண்.

வீட்டை விற்ற ரஷ்யப் பெண்மணி குனிந்து நின்று அதனோடு கதைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும், தனி ஆள். அன்று நகரின் மறுபக்கமுள்ள ஹவுகெட்டோவுக்குக் குடிபோகிறார். எங்களைக் கண்டு வெட்கப்படவில்லை. நோர்வேஜிய மொழியில் விளக்கினார். தொமவோய் என்பது வீட்டைக் காக்கும் ஆவி. தாடிக் கிழவர், அடுப்புக்குப் பின்னால் இருப்பார். வீடு மாறும்போது சாப்பிடப் பாண் வைத்து அழைத்துப் பழைய சப்பாத்தில் ஏற்ற வேண்டும். வட கோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டிலிருந்து இதே சப்பாத்தில்தான் வந்தாராம்.

"டிக்கெட் எடுத்தவரோ?" என்று மனைவியிடம் தமிழில் கேட்டேன்.

"சும்மா இருங்கோ. அந்தக் கிழவன் போனாப் பிறகுதான் நான் பால் காய்ச்சுவன்."

"அவர் இல்லாத வீட்டில் எனக்கு நித்திரை வராது," என்றார் பெண்மணி. ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் ஏறமாட்டாராம். ஆகவே பெண்மணி அயலவரிடம் விடைபெறப் போனார். நாங்கள் பெட்டிகளை எடுக்கக் கீழே இறங்கினோம்.

வாகனத்தை நிறுத்திவிட்டு வந்த மனைவியின் தம்பி எங்களுக்கு முன்னரே மேலே போய்விட்டான். புது வீட்டில் பழைய ஒற்றைச் சப்பாத்து கிடந்தால் அது எதற்கு என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் திரும்பியபோது அது பால்கனிக் கம்பியில் தலைகீழாகத் தொங்கியது.

"என்னடா செய்தனி?"

"கண்ணூறுக்குத்தானே அத்தான்? நீங்கள் கொண்டுவந்ததெண்டு நினைச்சன்."

"அதுக்குள்ளை ஆள் இருக்கு."

"பாண்தான் இருந்தது. எறிஞ்சுபோட்டன்."

திரும்பி வந்த பெண்மணி கயிற்றை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "இறங்கிவிட்டார்," என்று அடுப்பைக் காட்டினார். மூன்று முறை கெஞ்சி அழைத்தார். கீழே அவருடைய சாமான்களோடு நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். வெறும் சப்பாத்தோடு அழுதபடி போனார்.

சுபநேரம் பதினொன்றரைக்கு முடிகிறது. வேறு வழியில்லாமல் மனைவி பால் காய்ச்சினாள். பொங்கிய பால் அடுப்பின் பின்பக்கமாக வழிந்தது. "குடிச்சிட்டுப் பேசாமல் இருக்கட்டும்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பெண்மணி சப்பாத்தோடும் பாணோடும் வந்தார். நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்தபடி கால் மணி நேரம் நின்றோம். சப்பாத்து வெறுமையாகவே இருந்ததாம். தேத்தண்ணி குடிக்கும்போது மனைவி பால் பொங்கிய கதையைச் சொன்னாள்.

"எவ்வளவு பால்?"

"அரை லீட்டர்."

பெண்மணி சப்பாத்துக்குள் இருந்த பாணை வெளியே எடுத்தார். "இனி வரமாட்டார். நான் பாண்தானே கொடுத்தேன்."

அதற்கடுத்த சனிக்கிழமையும் ஒன்பது இருபதுக்கு வந்தார். சப்பாத்தைக் கொண்டுவரவில்லை. அடுப்புக்குப் பின்னால் குனிந்து கதைத்துக்கொண்டிருந்தார்.