ஒரு ஊசி போதும் என்றிருந்தேன்

துவாரகாவில் எங்கள் குடியிருப்பு வாசலில் துணி தேய்க்கும் செல்வி, என் நாய்க்குட்டியைப் பார்த்து, "எத்தனை ஊசி போட்டீங்கக்கா?" என்றாள்.

"ஒண்ணு. அது போதுமே."

"போதாதுக்கா. தாய்ப்பால்ல வந்த நோய் எதிர்ப்பு சக்தி முதல் ஊசிய வேலை செய்ய விடாது. நாலு மாசம் வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா போடணும். அப்புறமும் டாக்டர் சொல்றப்பல்லாம் போடணும்."

நான் காதில் வாங்கவில்லை. பத்தே நாளில் குட்டி ரத்தமாகக் கழிந்தது. பார்வோ என்ற குடல் வைரஸ் தொற்று, தடுப்பூசி முழுசாகப் போட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். ஐந்து நாள் போராடிப் பிழைக்க வைத்தவர், செல்வி சொன்னதையே சொன்னார்.

அடுத்த ஞாயிறு, அதே மருத்துவரை வரவழைத்து, பதினொரு தெருநாய்களுக்கு வருடாந்திர வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடவைத்துக்கொண்டிருந்தாள் செல்வி. அவள் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி அழைக்க, நாய்கள் ஒவ்வொன்றாக வந்து அவள் மடியில் தலை வைத்தன. ஊசி ஏறும்போது ஒன்றுகூட அசையவில்லை. வருஷா வருஷம் இப்படித்தான் என்றார் மருத்துவர். ஒரே ஒரு நாய்க்கு நான் செய்யத் தவறியதை, இவள் இத்தனை நாய்களுக்கும் வருஷம் தவறாமல் செய்திருக்கிறாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த நாயை நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.